வந்தியின் பங்குக் கரை

வைகையில் வெள்ளத்தை வரவழைத்தவரும் சிவன்தான், அதை அடைக்கக் கூலியாளாக வந்தவரும் சிவன்தான். மண் சுமந்த கதையைச் சொல்கிறவர்கள் முதல் பாதியை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவழித்துவிட்ட அமைச்சர் வாதவூரரைப் பாண்டியன் சுடுமணலில் நிறுத்தி வதைத்தான். அடியாரைக் காக்க ஆற்றைப் பெருகவிட்டார் சுவாமி. சரி. ஆனால் ஆறு அரண்மனையோடு நின்றதா? குதிரை வியாபாரத்தில் காலணா சம்பந்தம் இல்லாதவர்கள் வீட்டுக்கும் ஆபத்து வந்தது. பிட்டு அவித்து விற்ற கிழவி வந்திக்கும் கரையில் ஒரு பங்கு அளந்துவிட்டு, அடைத்து முடி என்றார்கள். அவளுக்கு ஆள் இல்லை, ஆள் வைக்கப் பணமும் இல்லை. அந்த வெள்ளத்துக்கும் தனக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று மதுரையில் யாராவது சொல்லியிருக்க முடியும் என்றால், அவள்தான் சொல்லியிருக்கலாம்.

திருநெல்வேலிக்காரனான எனக்கு இந்தக் கதை சின்ன வயதிலேயே தெரியும். மதுரைக்குப் பெண் கொடுத்த குடும்பம் எங்களுடையது. ஆவணி மூலத்தில் ஆரப்பாளையம் புட்டுத்தோப்புத் திருவிழாக் கூட்டத்தில் அத்தை கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்போது அது சாமி அடிவாங்கும் வேடிக்கைக் கதை. அதற்குள் ஒரு வழக்கு இருக்கிறது என்று தோன்றியது மும்பைக்கு வந்து, தொழிலில் இறங்கிய பிறகுதான்.

நான் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். நவி மும்பையின் நெருளில் குடியிருக்கிறேன். தீயோ வெள்ளமோ, நஷ்டம் எவ்வளவு என்று பார்த்து அறிக்கை கொடுப்பது வேலை. மழைக்காலம் நமக்கு அறுவடைக்காலம் என்று சக சர்வேயர் ஒருவர் சொல்வார், கொஞ்சம் வெட்கத்தோடு. தாராவி, மாட்டுங்கா, செம்பூர், குர்லா, சாக்கிநாக்கா என்று கோடவுன் கோடவுனாகப் போய், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை டேப் வைத்து அளப்போம். கோட்டுக்குக் கீழே இருந்தது போச்சு, மேலே இருந்தது பிழைத்தது என்று கணக்குப் போட முடியாது. அரிசி மூட்டையில் சாக்கு உறிஞ்சி ஈரம் கோட்டுக்கு மேலேயும் ஏறியிருக்கும். தோலில் பூஞ்சை சில நாள் கழித்துத்தான் தெரியும். கப்பல் சரக்கு பார்த்த பழக்கத்தில் என் பையில் சில்வர் நைட்ரேட் கரைசல் ஒரு குப்பி கிடக்கும். தேங்கிய தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, வெள்ளையாகத் திரண்டால் உப்பு இருக்கிறது என்று அர்த்தம். சாக்கடையிலும் உப்பு உண்டு என்பதால் அது முழுச் சாட்சி ஆகாது. ஆனாலும் மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய தாராவிச் சந்துகளில் அது கெட்டியாகவே திரளும்.

மும்பை வெள்ளத்தின் சூட்சுமம் அந்தச் சொட்டில் இருக்கிறது. மழைத்தண்ணீர் தனியாக வந்தால் எப்படியாவது ஓடிவிடும். கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் நாலா என்கிற வடிகாலின் வாயில் கடல் வந்து நிற்கிறது. அப்போது மேலேயிருந்து மழை கொட்டினால் அது போக இடமில்லை. அதனால்தான் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் நாலரை மீட்டருக்கு மேல் அலை ஏறும் நாட்களின் பட்டியலை மாநகராட்சி வெளியிடுகிறது. கடைக்காரர்கள் அதைக் கல்லாப்பெட்டிக்கு மேலே, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கிறார்கள்.

பாலிசியிலும் சாமி உண்டு. மின்னல், புயல், வெள்ளம், நிலச்சரிவு எல்லாவற்றையும் ஆண்டவன் செயல் என்று ஒரு வகையில் போட்டு, அந்த நஷ்டத்தில் 5 சதவீதம், குறைந்தது 10,000 ரூபாய், பாலிசிதாரரே ஏற்க வேண்டும் என்று நெடுங்காலம் விதி இருந்தது. மாட்டுங்காவில் ஒரு அண்ணாச்சியிடம் இதை விளக்கிக்கொண்டிருந்தேன். "என்ன சார், மனுசன் தப்புக்குக் கழிவு கம்மி, கடவுள் தப்புக்குக் கழிவு ஜாஸ்தியா?" என்றார். சைவ சித்தாந்த மாநாட்டில் கேட்க வேண்டிய கேள்வியைக் காந்தி மார்க்கெட்டில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கேட்டார்.

வெள்ளத்தை யார் அனுப்பியது? 2005 ஜூலை 26க்குப் பிறகு நான் போன இடமெல்லாம் இந்தப் பேச்சுத்தான். சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. ஊர் பண்ணின பாவம் என்றார் ஒருவர். கடவுள் சோதிக்கிறார் என்றார் இன்னொருவர். இரண்டையும் கேட்டுக்கொண்டேன். ஆனால் அதே நாளில் கொலாபாவில் பெய்தது 73 மில்லிமீட்டர், சாதாரண ஜூலை மழை. தண்டனை என்று வைத்துக்கொண்டால், மந்திராலயமும் பங்குச் சந்தையும் இருக்கும் தென்மும்பைக்கு ஒரு குளியலும், மித்தி நதி ஓரத்துக் குடிசைகளுக்கு முழுக்கும் என்று எந்தக் கணக்கப்பிள்ளை பேரேடு எழுதினான்?

இந்தச் சண்டை நம்மூரில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் பூகம்பம். காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் தென்னிந்தியாவில் இருந்தார். அந்த மாதமே திருநெல்வேலியில் பேசும்போது, பூகம்பம் தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கிடைத்த தெய்வ தண்டனை என்று தான் நம்புவதாகச் சொன்னார். தாகூர் அதைக் கேட்டு வருந்தினார். மண்ணுக்கடியில் நடப்பதை அறநெறியோடு முடிச்சுப் போடுவது பகுத்தறிவுக்கு விரோதம் என்று மறுத்து எழுதினார். காந்தி அந்த மறுப்பைத் தன் ஹரிஜன் பத்திரிகையிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார். தீண்டாமை பாவம் என்பதில் இரண்டு பேருக்கும் பேதம் இல்லை.

நான் தாகூர் கட்சி. பீகாரில் செத்தவர்களில் தீண்டாமையால் வதைபட்டவர்களும் இருந்தார்களே, அவர்களுக்கு எதற்குத் தண்டனை? ஆனால் மும்பை வெள்ளத்தைப் பொறுத்தமட்டில் தாகூர் கட்சியில் முழுசாக உட்கார முடியவில்லை. பூமிக்கடியில் தட்டு நகர்வதில் மனிதன் கை இல்லை. மித்தி நதியில் இருக்கிறது. விஹார் ஏரி நிரம்பி வழிகிற இடத்தில் தொடங்கும் அந்தச் சின்ன நதியை விமான நிலைய ஓடுபாதைக்காகச் செங்கோணமாக மடக்கினார்கள். பாந்த்ரா-குர்லா வளாகத்துக்காகச் சதுப்பை மேடாக்கி இரண்டு பக்கமும் நெருக்கினார்கள். தோல் கழிவும் பிளாஸ்டிக்கும் கொட்டினார்கள், அதில் எங்கள் தாராவிக்காரர்களுக்கும் பங்கு உண்டு. மாதவ் சித்தளே தலைமையில் அரசு அமைத்த உண்மையறியும் குழு இந்த நெருக்கல்களை எல்லாம் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. ஆகவே பாவம் இருக்கிறது. அதைத் தேடிச் சித்திரகுப்தனிடம் போக வேண்டாம், நதி எந்த இடத்தில் மடங்குகிறது என்று வரைபடத்தைப் பார்த்தால் போதும். செய்தவன் தலையில் அது விடிவதில்லை என்பதுதான் சிக்கல்.

தாராவியில் ஒரு ஆச்சி. எங்க ஊர்ப் பக்கம். விடியற்காலையில் இட்லி அவித்துத் தலைச்சுமை வியாபாரிகளுக்குக் கொடுப்பார். ஒரே ஒரு அறை, அதிலேதான் கிரைண்டர், அடுப்பு, படுக்கை எல்லாம். நான் அங்கே போனது ஆச்சிக்காக இல்லை, அதே சந்தில் மொத்த வியாபாரம் செய்த ஒருவரின் கிளெய்முக்காக. அவர் 2005இல் நன்றாக அடிபட்டவர். பிறகு கடையை இடித்து மூன்றடி பேஸ்மட்டம் உயர்த்திக் கட்டினார். ஷட்டருக்கு முன்னால் பலகை சொருக இரும்புச் சட்டம் வைத்தார். சர்வேயர் அறிக்கையில் இனிமேல் நஷ்டம் வராமல் தடுக்க என்ன செய்யலாம் என்று ஒரு பகுதி உண்டு. அதில் நாங்கள் எல்லோரும் எழுதுவதும் இதைத்தான். அடுத்து ஒரு பெருமழை வந்தபோது அவர் கடைக்குள் சொட்டுத் தண்ணீர் இல்லை, பின்பக்கக் கோடவுனில் கொஞ்சம் சரக்கு நனைந்ததோடு சரி. சந்தில் மற்ற இடங்களில் தண்ணீர்க் கோடு முன்னைவிட உயரமாக இருந்தது. ஆச்சியின் கிரைண்டர் மோட்டார் போய்விட்டது.

"ஆச்சி, உங்களுக்கு இன்சூரன்ஸ் ஏதும் இருக்கா?" என்று கேட்டு வைத்தேன்.

"ஏ தம்பி, அண்ணாச்சி கடைக்குப் போவ வேண்டிய தண்ணியும் எனக்குத்தான வருது. அதையும் சேத்து எழுதிக்கோ" என்றார்.

எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. வியாபாரியைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவருக்குக் கடன், மூன்று பெண் பிள்ளைகள். சரக்கின் முழு மதிப்புக்கும் பாலிசி எடுக்காததால் முதல் வெள்ளத்தில் நஷ்டத்தையும் அதே விகிதத்தில் வெட்டிக் கொடுத்தார்கள். தன் வாசலைத் தான் காத்துக்கொள்வதை எந்த மதமும் பாவம் என்று சொன்னதில்லை. ஆனால் தண்ணீர் ஒழிந்துபோகிற பொருள் இல்லை. ஓர் இடத்தில் நுழைய விடாவிட்டால் இன்னொரு இடத்துக்குப் போகும். சந்தில் ஒவ்வொருவரும் படியை உயர்த்திக்கொண்டே போனால், உயர்த்த வக்கில்லாத கடைசி வீடுதான் அந்தச் சந்தின் குளம். இதில் யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை, எல்லோரும் கோயிலுக்குப் போகிறவர்கள். செய்தவன் என்று ஒருவனைக் கைகாட்ட முடியாத இந்த மாதிரிப் பாவத்துக்கு நம் தர்ம சாஸ்திரங்களில் தனி அத்தியாயம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வந்தி கதை ஒன்றுதான் அதன் பக்கத்தில் வருகிறது.

அந்தக் கதையில் பாண்டியன் போட்ட உத்தரவைக் கவனியுங்கள். கரையை வீட்டுக்கு இத்தனை என்று பங்கு பிரித்தான். பார்வைக்கு நியாயமான உத்தரவு. எல்லோருக்கும் ஆறு பொது, ஆகவே எல்லோருக்கும் மண்வெட்டி. நம் ஊர்களில் குடிமராமத்து என்று ஏரிக்கும் கால்வாய்க்கும் நடந்தது இதேதான். அது தளர்ந்துபோகவே, வராதவர்களைக் கட்டாயப்படுத்த 1858இல் வெள்ளைக்காரன் மதராஸ் மாகாணத்தில் சட்டமே போட்டான். பங்கு பிரிப்பதில் தப்பில்லை. ஆனால் கரை எங்கே உடையும்? ஆள்பலம் உள்ளவன் பங்கில் உடையாது. வந்தியின் பங்கில்தான் உடையும். அங்கே உடைந்தால் ஊரே போகும், நன்றாக அடைத்தவன் வீடும் போகும்.

இதே கேள்விக்கு ஐரோப்பாவில் வடகடல் ஓரத்து மக்கள் வேறு பதில் வைத்திருந்தார்கள். கடலைவிடத் தாழ்ந்த நிலத்தில் அணைக்கரை கட்டி வாழும் ஹாலந்து, ஃபிரீசியா விவசாயிகளுக்கும் அந்தக் காலத்தில் தலைக்கு ஒரு பங்கு கரை இருந்தது. தன் பங்கைப் பராமரிக்க முடியாதவன் தன் மண்வெட்டியைக் கரையில் குத்தி நட்டுவிட்டு நிலத்தை விட்டுப் போக வேண்டியிருந்தது. அந்த மண்வெட்டியை யார் பிடுங்கினாரோ அவருக்கு நிலமும் சேர்ந்தது, கரைப் பொறுப்பும் சேர்ந்தது. கறாரான சட்டம். அந்தக் கறாரினால்தான் அந்த நாடு இன்றைக்கும் தண்ணீருக்கு மேலே இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வந்தி அங்கே பிறந்திருந்தால், பிட்டுச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊரை விட்டுப் போயிருப்பாள்.

மதுரையின் பதில் வேறு. அவளுடைய பங்கை அவளிடமிருந்து பிடுங்கவில்லை, தள்ளுபடியும் செய்யவில்லை. அவளுக்காக ஒருவர் கூடையோடு வந்தார். கூலி என்ன? அன்றைக்குப் பார்த்து உடைந்து உதிர்ந்த பிட்டு எல்லாம் அவருக்கு. விற்க முடியாத சரக்கு, எங்கள் தொழில் பாஷையில் சேதாரம். நஷ்டத்தையே கூலியாக வாங்கிக்கொண்டு வேலைக்கு வந்த ஒரே ஆளை நான் கேள்விப்பட்டது அந்தக் கதையில்தான். செம்பூர் சேடா நகரில் எங்கள் முருகன் 108 படிகளுக்கு மேலே இருக்கிறான். எவ்வளவு மழை பெய்தாலும் அவன் பாதம் நனையாது. எனக்கு அவன்மேல் பக்திதான். ஆனாலும் வெள்ளம் என்று வந்தால், கரைக்கு இறங்கி வந்த அவன் அப்பாவிடம் கேட்கத்தான் மனம் போகிறது.

கரை காத்த சாமி நமக்கு இன்னொருவரும் உண்டு. மதுராந்தகம் ஏரி உடையும் நிலையில் இருந்த ஒரு மழை இரவில், செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் கரைக்குப் போனபோது வில்லேந்திய இரண்டு பேர் காவல் நிற்பதைக் கண்டார், கரை உடையவில்லை என்பது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை. ஏரி காத்த ராமர் என்று இன்றும் பெயர். அழகான கதை. ஆனால் அதில் ஊர்க்காரர்களுக்கு வேலை இல்லை, காலையில் எழுந்து கும்பிட்டால் போதும். பம்பிங் ஸ்டேஷன்களை மும்பைக்காரர்கள் பார்க்கும் பார்வையும் இதுதான். ஹாஜி அலி, லவ் குரோவ், பிரிட்டானியா என்று ராட்சத பம்புகள் நிற்கின்றன, இரவில் நமக்காகக் காவல் காக்கும் என்று தூங்கப் போகிறோம். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், மழைநீர் வடிகால்களின் திறனை மணிக்கு 25 மில்லிமீட்டரிலிருந்து 50 ஆக்க வேண்டும் என்று 1993 அறிக்கை சொன்ன வேலையில் அவையும் சேர்த்தி. மாஹூலில் ஒன்று வந்தால் கிங்ஸ் சர்க்கிள் தண்ணீர் குறையும் என்கிறார்கள். உப்பள நிலத்தைக் கைக்குக் கொண்டுவருவதிலேயே வருஷங்கள் போய்விட்டன.

நெருளில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி அவர்கள் காலடியில் இருக்கிறது. நவி மும்பையைக் கட்ட 1970இல் சிட்கோ என்ற அரசு நிறுவனம் ஏற்பட்டபோது, கையில் கிடைத்த நிலத்தில் கணிசமான பகுதி கடலேற்றத்தைவிடத் தாழ்ந்த சதுப்பு. அதற்கு முன்பே நெருள், கராவே, சார்சோளே கிராமத்து ஆக்ரிகளும் கோளிகளும் மண்கரை போட்டு நெல்லும் உப்பும் விளைவித்த நிலம்தான் அது. எல்லாவற்றையும் மேடாக்கக் கட்டுப்படியாகாது என்று ஹாலந்துப் பாணியில் நீர் தாங்கும் குளங்களை வெட்டினார்கள். வாஷியிலிருந்து பேலாப்பூர் வரை இருக்கின்றன. நெருளில் நாம் காலைநடை போகும் ஜுவல் ஆஃப் நவி மும்பையும் அப்படி ஒரு குளம்தான். கடல்பக்கம் கதவு ஒன்று தொங்கும். கடல் ஏறும்போது வெளியேயிருந்து தள்ளிக் கதவு சாத்திக்கொள்ளும், ஊர் மழை குளத்தில் தங்கும். கடல் வற்றும்போது உள்ளிருக்கும் தண்ணீரே கதவைத் தள்ளிக்கொண்டு போய்விடும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. சுவரும் இந்தக் குளமும் பாதுகாப்பு என்ற ஒரே பெயரில் வந்தாலும் இரண்டும் எதிர்த் துருவம். சுவர் தன் தண்ணீரை அடுத்தவனுக்குக் கொடுக்கிறது. குளம் கடல் இறங்கும்வரை சில மணி நேரம் தன் தண்ணீரைத் தானே வைத்துக்கொள்கிறது. துறவிகள் பொறுமை என்று எதைச் சொன்னார்களோ அதை ஒரு பொறியாளர் வரைபடத்தில் நான் பார்த்தது இங்கேதான்.

அந்தக் குளங்கள் இப்போது தூர்ந்து கிடக்கின்றன. வண்டல் சேர்ந்து, அதில் கண்டல் மரங்கள் தாமாக வளர்ந்துவிட்டன. கண்டலை அழிப்பது வாழ்வுரிமைக்கே விரோதம் என்று 2018 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே கோர்ட் அனுமதி இல்லாமல் மாநகராட்சி தூர்வார முடியாது. ஊரைக் காக்க வெட்டிய குளத்தில், ஊரைக் காக்கும் மரம் முளைத்து, இரண்டில் எதை விடுவது என்று நிற்கிறது. தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் குளத்துக்குள் இருக்கும் மரத்தைக் கோர்ட் கண்காணிப்பில் ஓரளவு அகற்றித் தூர்வாரலாம் என்பது என் கட்சி. அது ஊரின் தண்ணீரைத் தாங்கிக்கொள்ளவே வெட்டிய இடம். கழிமுகத்து ஓரத்தில் இயற்கையாக நிற்கும் சதுப்பை யாரும் தொடக்கூடாது. வெள்ளத்தைச் சாக்காகச் சொல்லி அதில் கை வைக்க ஆள் இருக்கிறது. நெருளில் டி.எஸ்.சாணக்யா கப்பல் பயிற்சி நிலையத்துக்குப் பக்கத்துச் சதுப்பில் கோல்ஃப் மைதானமும் குடியிருப்பும் கட்டும் திட்டத்தை அதே 2018இல் உயர் நீதிமன்றம்தான் தடுத்தது, வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. நெருளிலேயே உள்ள டி.பி.எஸ் ஏரிக்குக் கடல்நீர் வரும் வழி அடைபட்டுப்போச்சு என்று 2024இல் புகார் எழுந்ததும், அந்தப் பருவத்தில் பூநாரைகள் செத்து விழுந்ததும் இங்கே நடந்தவை.

தூர்வாருவது என்றதும் ஞாபகம் வருகிறது. மித்தியைத் தூர்வாரியதில் ஏறக்குறைய 65 கோடி ரூபாய் முறைகேடு என்று 2025இல் மும்பை போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. வழக்கு என்ன ஆகிறதோ ஆகட்டும். மதுரைக்கு வந்த கூலியாளும் பிட்டைத் தின்றுவிட்டு ஆடினார், பாடினார், மரத்தடியில் தூங்கினார். ஆனால் கடைசியில் ஒரு கூடை மண்ணைப் போட்டுவிட்டுத்தான் போனார்.

போவதற்கு முன் அடி வாங்கினார். பாண்டியன் பிரம்பால் ஓங்கி அடித்த அடி பாண்டியன் முதுகிலும் விழுந்தது, அரசி மேலும் அமைச்சர் மேலும் சகல உயிர்கள் மேலும் விழுந்தது. இந்த இடத்தில்தான் எனக்கும் புராணத்துக்கும் தகராறு. நான் பார்த்த வெள்ளங்களில் அடி சமமாக விழுந்ததே இல்லை. மாட்டுங்கா வியாபாரிக்கு 5 சதவீதம் கழித்துச் செக் வந்தது, ஆச்சிக்குச் செக்கும் இல்லை, கிரைண்டரும் இல்லை. 2005இல் நதியை மடக்கிய விமான நிலையமும் தண்ணீரில் மூழ்கி மூடிக் கிடந்தது உண்மைதான், ராஜா முதுகிலும் விழுந்த அடி என்று அதைச் சொல்லலாம். ஆனால் விமான நிலையம் சில நாளில் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டது. அவனவன் முதுகுக்குத் தக்கபடிதான் அடியின் வலி.

பிறகு ஏன் அந்தக் கதையை விடவில்லை என்றால், சமமாக விழும் என்று அது ஆறுதல் சொல்வதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அடிபட்டது யாருக்காக வந்த ஆள் என்று பாருங்கள். கரை அடைக்க வக்கில்லாத ஒருத்திக்காக வந்தவனை அடித்தால் அந்த அடி உனக்கும்தான் என்பது அரசனுக்குச் சொன்ன எச்சரிக்கை. வெள்ளத்தை அனுப்பியது கடவுளா என்ற கேள்வியைக் கதை கடைசிவரை தீர்த்து வைக்கவில்லை. அனுப்பியவரே வந்து மண் சுமக்கிறார், அவ்வளவுதான். எனக்கு அது போதும். அனுப்பியது யார் என்பதை விட்டுவிட்டு, யாருடைய பங்கு அடைபடாமல் கிடக்கிறது என்று பார்க்கிறவன்தான் அந்தக் கடவுளின் கட்சிக்காரன்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. எங்கள் சொசைட்டியின் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வரப்போகிறது. வாசலை இரண்டடி உயர்த்துவது, காம்பவுண்டுச் சுவரின் அடியில் உள்ள நீர்ப்போக்குத் துளைகளை அடைப்பது, கேட்டில் வெள்ளத் தடுப்புக் கதவு பொருத்துவது. பேஸ்மென்டில் கார் நிறுத்துகிறவர்கள் எல்லோரும் ஆதரவு. சுவருக்கு அந்தப் பக்கம், சரிவில், ஒரு மெக்கானிக் கொட்டகை, ஒரு இஸ்திரிக்காரர், ஒரு டீக்கடை, அதைத் தாண்டிப் பழைய கிராமத்து வீடுகள். செயலாளரிடம், "அவங்க பக்கம் எவ்வளவு தண்ணி ஏறும்னு யாராவது கணக்குப் பார்த்தாங்களா?" என்று கேட்டேன். "அங்கிள், அது முனிசிபாலிட்டி பிரச்சினை" என்றார். நல்ல பையன், கார்த்திகைக்கு எங்கள் வீட்டில் வந்து பொரி உருண்டை சாப்பிடுகிறவன்.

நான் எதிர்த்து ஓட்டுப் போடப்போகிறேன். வேறொரு யோசனையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாட்மின்டன் களத்துக்கு அடியில் ஒரு தொட்டி வெட்டி, எங்கள் மொட்டைமாடித் தண்ணீரைக் கடல் வற்றும்வரை அதில் நிறுத்தலாம். பரேல் ஹிந்துமாதா சந்திப்பில் தண்ணீர் நிற்காமல் இருக்க, பக்கத்துப் பூங்காவுக்கு அடியில் மாநகராட்சி பெரிய அளவில் கட்டியது இதைத்தான். தடுப்புக் கதவைவிடச் செலவு கூடத்தான் ஆகும். தோற்றுப்போவேன் என்றே நினைக்கிறேன், பேஸ்மென்டில் நிற்பவை விலை உயர்ந்த வண்டிகள்.

நெருளிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும், சென்னையில் வேளச்சேரியிலும் இப்படிப்பட்ட கூட்டங்களில் உட்காரப்போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சுவருக்கோ கதவுக்கோ கை தூக்குவதற்கு முன்னால், அது திருப்பிவிடும் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும் என்பதை நேரில் போய்ப் பாருங்கள். அந்த வீட்டுக்காரரின் பெயரைக் கேட்டு வந்து, தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.